ஹெர்பிஸ் இருக்கிறதா? எட்டாம் மாதம் முதல் பிரசவம் வரை செய்ய வேண்டியவை

கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் (கொப்புளமும் புண்ணுமாகத் திரும்பத் திரும்ப வரும் வைரஸ் தொற்று) வந்து, இப்போது எட்டு, ஒன்பது மாதத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் பிள்ளை பெற்றவள்தான். சுகப்பிரசவம். மகள் நலமாக இருக்கிறாள். ஹெர்பிஸ் என்றால் என்ன, எப்படித் தொற்றும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பழைய ஹெர்பிஸ் வேறு, கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றும் ஹெர்பிஸ் வேறு. பழையது என்றால் உங்கள் உடம்பில் உருவான எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிரசவத்தை ஒட்டிப் புதிதாகத் தொற்றினால் அதுவே 30 முதல் 50 சதவீதம். எனவே வாழ்க்கையில் முதல்முறையாக இந்த மாதங்களில்தான் கொப்புளம் வந்திருக்கிறது என்றால், மீதியைப் பிறகு படிக்கலாம். இன்றே டாக்டரைப் பாருங்கள்.

படி 1: எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் ஊரில் பல இடங்களில் முதல் மாதமே, குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் 'டார்ச்' ரத்தப் பரிசோதனை எழுதிவிடுகிறார்கள். அதில் ஹெர்பிஸ் ஐஜிஎம் (புதுத் தொற்றின் அடையாளம் என்று நினைக்கப்படும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய தொற்று திரும்ப வரும்போதும் ஐஜிஎம் பாசிட்டிவ் காட்டலாம். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே அதிலிருந்து ஸ்வாப் எடுத்து, வைரஸையே நேரடியாகக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைதான் நம்பகமானது. முதல் தொற்றா, பழையதா என்ற சந்தேகம் இருந்தால், ஹெர்பிஸின் வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி (பழைய தொற்றின் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

படி 2: 36-ஆவது வாரத்தில் மாத்திரை

பிரசவ நேரத்தில் புண் வராமல் தடுக்க, வைரஸை அடக்கும் மாத்திரை இது: அசைக்ளோவிர் 400 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, 36-ஆவது வாரத்திலிருந்து பிரசவம் வரை. இல்லையென்றால் வாலசைக்ளோவிர் 500 மி.கி. இரண்டு வேளை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான். பிரிட்டனின் புதிய வழிகாட்டி 32-ஆவது வாரத்திலேயே தொடங்கச் சொல்கிறது. இரட்டைக் குழந்தை, முன்பு குறைமாதத்தில் பிறந்தது என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் இதை எடுத்துச் சொல்லி முன்கூட்டியே தொடங்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.

கர்ப்பிணிகள் அசைக்ளோவிர் சாப்பிட்டு வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது மூன்று வேளை அசைக்ளோவிர்தான்: விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துவிட்டால் மறக்காது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். மேலே தடவும் க்ரீமை நம்பி இருக்காதீர்கள், அதனால் பெரிய பலன் இல்லை.

படி 3: எழுத்தில் வாங்குங்கள்

எல்லாவற்றையும்விட எனக்குச் சிக்கலாக இருந்தது இந்தப் படிதான்.

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போகிறோம். டாக்டர் மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது. ஃபைல் அம்மா கையிலோ அத்தை கையிலோ இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஸ்கேன் படத்தைப் பார்க்கிறோம் என்று அதைப் புரட்டுகிறார்கள். அதனால்தான் பலர் இந்த விஷயத்தை ஃபைலிலேயே ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிரசவ நேரத்தில் குழந்தையைக் காப்பாற்றுவதே அந்தத் தகவல்தான். பிறந்த குழந்தைக்கு வரும் ஹெர்பிஸில் சுமார் 85 சதவீதம் பிறக்கும் வேளையில் தொற்றுவது.

நான் செய்தது இது. முதல் டாக்டரிடம் அவருடைய லெட்டர்பேடில் தனிக் கடிதம் ஒன்று வாங்கினேன். அதில் நான்கே விஷயம்: எப்போதிலிருந்து இருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது, என்ன மாத்திரை எந்தத் தேதியிலிருந்து, வலி வந்தால் என்ன செய்வது. புது ஆஸ்பத்திரியில் உள்பரிசோதனைக்குத் திரைக்குப் பின்னால் அழைத்தபோது அதைக் கொடுத்தேன். அங்கே டாக்டரும் நர்ஸும் மட்டும்தான் இருப்பார்கள், கூட வந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நோய்ப் பெயரை விரித்து எழுதாமல், ஹெர்பிஸ் வைரஸின் சுருக்கப் பெயரான 'எச்எஸ்வி' என்று மட்டும் குறிக்கச் சொன்னேன், சரி என்றார்கள்.

அப்புறமும் ஒரு தடை வந்தது. ராத்திரியில் வலி எடுத்துப் போனபோது டியூட்டி டாக்டருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடிதம் ஓ.பி. ஃபைலில், அந்த அறை பூட்டிக் கிடந்தது. லேபர் ரூம் கேஸ் ஷீட் வேறு! இன்னொரு பிரதி பையில் இருந்ததால் தப்பித்தேன். ஆகவே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஆஸ்பத்திரிப் பையில், குழந்தைத் துணிகளோடு சேர்க்காமல் தனி உறையில். போனிலும் ஒரு படம். லேபர் ரூமுக்குள் போனதும் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், கடிதம் சொல்லிக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 4: வலி வந்த அன்று

நல்ல வெளிச்சத்தில் பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடை இடுக்கு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணும் இல்லை, வரப்போகிறது என்று காட்டும் சுருக் சுருக்கென்ற குத்தலோ எரிச்சலோ இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. இரண்டில் ஒன்று இருந்தாலும் சிசேரியன்தான் நல்லது. அந்த எரிச்சலை 'வலியோடு வலி' என்று மறைத்துவிடாதீர்கள். புண் இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால் வீட்டில் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

சுகப்பிரசவம் என்று முடிவானாலும், அவசியமில்லாமல் பனிக்குடத்தை உடைப்பது, இதயத் துடிப்பைப் பார்க்கக் குழந்தையின் தலையில் மின்முனை பொருத்துவது, குழந்தையை வெளியே இழுக்கும் வாக்குவம், ஆயுதம் இவற்றைத் தவிர்க்க முடியுமா என்று கேளுங்கள். குழந்தையின் தோலில் கீறல் விழுந்தால் வைரஸ் அதன் வழியே நுழையும். சவரமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமே வழக்கமான சவரத்தைப் பரிந்துரைப்பதில்லை. பிளேடு கீறலையும் புண்ணையும் பிரித்தறிவதும் கடினம்.

படி 5: பிறந்த பிறகு

மார்பில் புண் இல்லையென்றால் தாராளமாகப் பால் கொடுக்கலாம். கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். குழந்தைகள் டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் காய்ச்சல், உடம்பு சில்லிடுதல், பால் குடிக்காமல் துவளுதல், கொப்புளம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே ஓடுங்கள். நரம்பு வழி அசைக்ளோவிரை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

பின்சேர்க்கை: கேள்விகள் வந்த பிறகு எழுதியது

"ஹெர்பிஸ் இருந்தது என்றதுமே சிசேரியன் தேதி குறித்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பு இருந்தது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொருவரின் மாமியார் அக்கி என்று நினைத்துக் காவி பூசச் சொன்னாராம். புண்ணில் மண்ணோ காவியோ படக்கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி ஒற்றி உலர விடுங்கள், போதும்.

சேனை வைப்பது பற்றியும் கேட்டீர்கள். உதட்டுப் புண் உள்ளவர்கள் குழந்தையை முத்தமிடவோ, வாயில் விரல் வைக்கவோ கூடாது, அது தாத்தா பாட்டியாக இருந்தாலும் சரி. அந்தப் புண்ணும் பெரும்பாலும் ஹெர்பிஸ்தான். "டாக்டர் ஒரு மாதத்துக்கு வாயில் எதையும் வைக்கக் கூடாது என்றார்" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கடைசியாக, தனக்கு ஹெர்பிஸ் இல்லை, கணவருக்கு அடிக்கடி உதட்டில் வரும் என்று எழுதிய சகோதரிக்கு: ஏழாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை வாய்வழி உறவு வேண்டாம். கணவருக்குப் பிறப்புறுப்பில் வருவதாக இருந்தால், புண் தெரியாத நாட்களிலும் உடலுறவே வேண்டாம்.