பால் பல் பராமரிப்பு: முதல் பல்லிலிருந்து ஆறு வயதுக் கடைவாய்ப்பல் வரை

"விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

குழந்தையின் கடைவாயில் சொத்தை என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். கேள்வி நியாயமாகத்தான் தெரியும், ஆனால் கணக்கு உதைக்கிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் ஏறக்குறைய 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. 4 வயதில் சொத்தையான பல்லை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை இன்னும் ஆறேழு வருடம் மென்று சாப்பிட வேண்டும். அதற்கு முன்பே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். அடியிலிருந்து வரவேண்டிய நிரந்தரப் பல், இடம் இல்லாமல் கோணலாக முளைக்கும்.

பால் பல்லின் மேல்பூச்சான எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. அதனால் சொத்தை வேகமாக நரம்பு வரை இறங்கிவிடும். "அடுத்த லீவுல பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது பால் பல் விஷயத்தில் ஆபத்து.

கைக்குழந்தையோ, பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தையோ வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் சொல்லும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், ராத்திரி தூங்கும் முன் பல் தேய்த்துவிடுங்கள். காலையில் தேய்ப்பது நம் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிற பழக்கம். விட்டுப்போவது ராத்திரிதான், பல் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில்: சொத்தை எப்படி விழுகிறது?

பல்லுக்குள் பூச்சியோ புழுவோ புகுந்து அரிப்பதில்லை. வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிறகு எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைப் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கிறது. இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும்.

குழந்தை எவ்வளவு இனிப்பு சாப்பிட்டது என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிட்டது என்பது முக்கியமாவது இதனால்தான். நாலு மிட்டாயை ஒரே நேரத்தில் தின்று முடிப்பதைவிட, ஒரு மணிக்கு ஒன்றாக நாள் முழுக்கத் தின்பது பல்லுக்குக் கெடுதல். எச்சில் தன் வேலையை முடிப்பதற்குள் அடுத்த அமிலம் வந்துவிடுகிறது.

தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி பல்லில் ஒட்டிய பாலும் பிஸ்கட்டும் விடியும்வரை அங்கேயே கிடக்கும்.

படி 1: பல் வருவதற்கு முன்பே வாயில் கைவைத்துப் பழக்குங்கள்

சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றி, தினம் ஒரு தடவை ஈறுகளை மெதுவாகத் துடைத்துவிடுங்கள். குளிப்பாட்டும் நேரம் வசதி. ஈறு சுத்தமாவதைவிட, அம்மாவோ அப்பாவோ வாயில் விரல் வைப்பது குழந்தைக்குப் பழகிப்போவதுதான் இதில் பெரிய லாபம். பிறகு பிரஷ் வரும்போது சண்டை குறையும்.

முதல் பல் பெரும்பாலும் 6 மாதத்தையொட்டிக் கீழ் முன்வரிசையில் வரும். சில குழந்தைகளுக்கு ஒரு வயதும் ஆகலாம். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்திருக்கும். பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், ஈறு நமநமவென்று இருப்பதால் கண்டதையும் கடிக்கும். ஆனால் கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் "பல் முளைக்குது, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு வேறு காரணம் இருக்கும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈறில் தேன் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது.

படி 2: பிரஷும் பேஸ்ட்டும் வாங்குவது

தலை சின்னதாக, நார் மென்மையாக இருக்கும் குழந்தை பிரஷ் போதும். நார் விரிந்து போனால் மாற்றிவிடுங்கள், எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

பேஸ்ட்டில்தான் கவனம் தேவை. அட்டையில் இருக்கும் கார்ட்டூனைப் பார்க்காமல், டியூபின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) அளவில் இருப்பது நல்லது. குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்ட்களில் ஃப்ளோரைடே இருக்காது. ஸ்ட்ராபெர்ரி வாசனை மட்டும் சொத்தையைத் தடுக்காது.

"குழந்தை விழுங்கிவிடுமே" என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி அளவைக் குறைப்பது. 3 வயது வரை ஓர் அரிசி அளவு, பிரஷில் பூசினாற்போல் இருந்தால் போதும். 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்கச் சுருள் வைப்பது பெரியவர்களுக்கே தேவையில்லை. பேஸ்ட்டை எப்போதும் பெரியவர்களே வைத்துக் கொடுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் வரும், இதற்கு ஃப்ளோரோசிஸ் என்று பெயர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஃப்ளோரோசிஸ் தடுப்புத் திட்டம் என்றும் சேர்த்தே அழைப்பது இதனால்தான். குடிநீரில் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால் ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, பேஸ்ட் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

கரி, செங்கல் தூள், உப்புத் தூள் போட்டுத் தேய்ப்பது பால் பல்லுக்கு வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய எனாமலை நாமே உரசி எடுப்பது போலாகிவிடும்.

படி 3: தேய்த்துவிடும் முறை

இதற்கு நேரம் ஒதுக்கிப் படியுங்கள், பெரும்பாலான வீடுகளில் தடுமாறுவது இங்கேதான்.

எதிரே நின்றுகொண்டு "ஆ காட்டு" என்றால் குழந்தை தலையைத் திருப்பும், நாம் துரத்துவோம். கண்ணுக்குத் தெரிவது முன்பல் நாலுதான். அதற்குப் பதிலாகக் குழந்தையைப் படுக்க வையுங்கள்.

ஆள் இரண்டு பேர் இருந்தால், முழங்கால் முட்டும்படி எதிரெதிரே உட்காருங்கள். குழந்தை உங்களைப் பார்த்தபடி மடியில் உட்கார்ந்து, கால்கள் உங்கள் இடுப்பின் இருபுறமும் இருக்கட்டும். அப்படியே மல்லாக்கச் சாய்த்தால் தலை எதிரே இருப்பவர் மடிக்குப் போகும். நீங்கள் கைகளைப் பிடித்துப் பேச்சுக் கொடுங்கள், அவர் தேய்க்கட்டும். பாட்டியோ தாத்தாவோ கூட இருக்கும் வீட்டில் இது மிக எளிது. ஆள் ஒருவர்தான் என்றால், பாயில் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வளர்ந்த குழந்தை உங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்தால் போதும்.

இப்போது கையால் மேலுதட்டைத் தூக்குங்கள். உதட்டின் நடுவில், ஈறோடு இணைக்கும் மெல்லிய தோல் ஒன்று இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். பல குழந்தைகள் பிரஷைப் பார்த்தாலே அழுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் விரலை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு தேய்த்தால் வலி இருக்காது.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பிரஷை லேசாகச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். அழுத்தம் வேண்டாம். தினமும் ஒரே வரிசையில் போவது நல்லது: மேல் வெளிப்பக்கம், மேல் உள்பக்கம், கீழ் வெளிப்பக்கம், கீழ் உள்பக்கம், கடைசியாக மெல்லும் பரப்பு. வரிசை பழகிவிட்டால் எந்த இடமும் விட்டுப்போகாது. கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கமும், மேல் கடைவாயின் கன்னப் பக்கமும்தான் வழக்கமாகத் தப்பிப்பவை. மொத்தம் இரண்டு நிமிடம். குழந்தைக்குப் பிடித்த ஒரு பாட்டை நிதானமாகப் பாடி முடித்தால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

முடிந்ததும் துப்பச் சொல்லுங்கள். துப்பத் தெரியாத வயதில் நனைத்த துணியால் நுரையைத் துடைத்து எடுத்தால் போதும். அப்புறம் வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். நமக்கு இது பழக்கமில்லாத விஷயம்தான். ஆனால் பல்லில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் ஃப்ளோரைடுதான் ராத்திரி முழுக்க வேலை செய்கிறது. கொப்பளித்தால் அதுவும் போய்விடும்.

"நானே தேய்ப்பேன்" என்று குழந்தை அடம்பிடித்தால் தாராளமாக விடுங்கள், பிறகு ஒரு சுற்று நீங்கள் தேய்த்துவிடுங்கள். கைத்திறன் வர 7, 8 வயதாகும். அதுவரை இது பெரியவர்களின் வேலை.

படி 4: தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்

ராத்திரி பால் கொடுக்கும் வழக்கம் இருந்தால் பால் முதலில், பல் பிறகு. பால் குடித்துக்கொண்டே தூங்கவிடுவதுதான் மேல் முன்பற்களை முதலில் கெடுக்கும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் ஓரளவு காப்பாற்றிவிடும், மேலே இருப்பவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வயதுக் குழந்தையின் மேல் முன்பல் நாலும் பழுப்பாகி உடைந்திருந்தால், பெரும்பாலும் பின்னணியில் ஒரு பால் புட்டி இருக்கும்.

புட்டியை ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் விடவைக்கப் பாருங்கள். ஒரேயடியாகப் பிடுங்க முடியாவிட்டால், ராத்திரிப் புட்டியில் மட்டும் சர்க்கரையை முதலில் நிறுத்துங்கள். சில நாள் கழித்துப் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீரில் கொண்டுவந்து விடுங்கள். மூன்று நாலு ராத்திரி அழுகை இருக்கும். அதற்கு வீட்டில் எல்லாரும் தயாராக இருக்க வேண்டும், ஒருவர் இளகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பல் வந்த பிறகு ராத்திரி பால் கொடுத்ததும் ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். இருமல் சிரப்பும் இனிப்புதான், அதையும் தேய்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

குழந்தை கண்ணைக் கசக்கத் தொடங்கிய பிறகு பிரஷை எடுத்தால் அன்றைக்குத் தோல்விதான். சாப்பாடு முடிந்த கையோடு, ஏழரை எட்டு மணிக்கே தேய்த்துவிடுங்கள்.

படி 5: வாரம் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் போதும். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். வலி இருக்காது, குழி இருக்காது. இந்தக் கட்டத்தில் மருத்துவர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி, நீங்களும் ராத்திரி ஒழுங்காகத் தேய்த்தால் பல் தேறிவிட வாய்ப்பு உண்டு. பழுப்பு நிறமோ குழியோ ஆகிவிட்டால் தானாகச் சரியாகாது.

தின்பண்டம் பற்றி

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் கிருமிக்கு ஒன்றுதான். வீட்டில் நல்லது என்று கொடுப்பதாலேயே இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். மிட்டாயைவிடக் கிரீம் பிஸ்கட்டும் சிப்ஸும் பல் இடுக்கில் அதிக நேரம் ஒட்டிக்கொள்ளும். இனிப்பு கொடுப்பதானால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். நடுவில் பசித்தால் வாழைப்பழம், அவித்த முட்டை, மசித்த சுண்டல், வெள்ளரித் துண்டு. தாகத்துக்குத் தண்ணீர், பாக்கெட் ஜூஸ் வேண்டாம்.

படி 6: ஆறு வயதில் வரும் புதுக் கடைவாய்ப்பல்

கிட்டத்தட்ட 6 வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய பல் சத்தமில்லாமல் முளைக்கும். பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சீக்கிரம் சொத்தையாகும். முழுதாக முளைத்ததும் அந்தப் பள்ளங்களைச் சீலன்ட் என்ற பூச்சால் மூடிவிடலாம். வலி இல்லை, ஊசி இல்லை. செய்ய முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். முளைத்து வரும் நாட்களில் இந்தப் பல் மற்றவற்றைவிடத் தாழ்வாக இருக்கும், பிரஷைக் குறுக்காக வைத்துத் தேய்த்தால்தான் எட்டும்.

படி 7: பல் மருத்துவரிடம் எப்போது?

முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை. வலி வந்த பிறகு முதல்முறை போனால் குழந்தைக்கு அந்த இடமே பயமாகிவிடும். "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போடுவார்" என்ற மிரட்டலை வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அவர்கள் மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வலிக்கிற ஈறில் மாத்திரையைப் பொடித்து வைப்பதோ, கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றுவதோ கூடாது, ஈறு வெந்துவிடும்.

விழுந்து பல் கழன்றுவிட்டால்

பால் பல் என்றால் திரும்பப் பொருத்த முயலாதீர்கள், அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்குச் சேதமாகும். சுத்தமான துணியை மடித்துக் கடிக்க வைத்து, ரத்தத்தை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிரந்தரப் பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் பொருத்தி, துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அரை மணிக்குள் மருத்துவரிடம் போய்விட்டால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.