வெளிநாட்டில் கணினி அறிவியல், முழு உதவித்தொகையோடு: நம் பக்கத்துப் பிள்ளைகள் விடாமல் செய்யும் தவறுகள்

திருக்கார்த்திகை முடிந்து பிள்ளையார் நோன்பு வரும் நாட்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் முடிந்துவிடும். கணினி அறிவியல் துறைகள் பலவற்றுக்கு டிசம்பர் 1 அல்லது டிசம்பர் 15 தான் கடைசித் தேதி. ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடிகின்றன. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பேச்சே பிப்ரவரியில்தான் எழுகிறது. ப்ளேஸ்மென்ட் ஓய்ந்த பிறகு, "ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இதேதான்.

பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், எழுத்துப்பிழை பார்க்க வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் தெரிந்த பிள்ளைகளையும் கவிழ்க்கும் தவறுகளே இங்கே.

சீட் முதலில், பணம் பிறகு

முதலில் அட்மிஷன் வாங்கிவிட்டு, அந்தக் கடிதத்தைக் காட்டி உதவித்தொகை கேட்கலாம் என்று நினைக்கிறார்கள். முழு உதவித்தொகைகள் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எராஸ்மஸ் முண்டுஸில் படிப்புக்கும் உதவித்தொகைக்கும் ஒரே விண்ணப்பம். ஜப்பானின் மெக்ஸ்ட் உதவித்தொகையைத் தூதரகம் வழியாகக் கேட்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். தூதரகத்தின் முதல்கட்டத் தேர்வில் தேறிய பிறகுதான் ஜப்பானியப் பேராசிரியரிடம் சம்மதக் கடிதம் கேட்க வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் தேவை, அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். கல்லூரி முடித்த கையோடு அதற்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை. படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு.

2027 செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டுமானால் 2026 ஆனியிலேயே வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எம்.எஸ்.ஸுக்கு முழு உதவித்தொகை தேடுவது

கிடைப்பது அரிது. அங்கே எம்.எஸ். என்பது துறைகளுக்கு வருமானம், பிஎச்.டி. என்பது துறை செய்யும் முதலீடு. பிஎச்.டி.யில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைத் துறையே ஏற்று, மாத உதவித்தொகையும் தருகிறது. அதற்கு ஈடாக வாரம் 20 மணி நேரம் வரை வகுப்பு நடத்த உதவ வேண்டும் அல்லது ஆய்வு வேலை செய்ய வேண்டும். பி.இ. முடித்தவர் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. "முதலில் எம்.எஸ்., அப்புறம் பார்க்கலாம்" என்று கடன் வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் ஐந்து, ஆறு வருட ஆய்வில் மனம் இல்லாதவர் பணத்துக்காக மட்டும் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டாம். அவர் கனடாவில் ஆய்வுடன் கூடிய முதுகலையைப் பார்க்கலாம். அங்கே பல துறைகள் உதவித்தொகை தருகின்றன.

பரிந்துரைக் கடிதத்தைத் தானே எழுதிக்கொள்வது

இருப்பதிலேயே அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் தொடர்வதால் ஆத்திரமும் இதன் மேல்தான்.

நடப்பது இப்படி. நவம்பர் கடைசியில் மாணவன் துறைத்தலைவர் அறைக்குப் போகிறான். "சார், ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்." சார் நல்லவர்; நேரம் இல்லாதவர். "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அவன் இணையத்தில் ஒரு மாதிரியை எடுத்து, பெயரை மாற்றி, மூன்று பேருக்கும் மூன்று கடிதம் தயார் செய்கிறான். போர்ட்டலில் சாரின் மின்னஞ்சல் கேட்கிறது. சார் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, தானே இணைப்பைச் சொடுக்கி, தானே பதிவேற்றுகிறான். வேலை முடிந்தது என்று நினைக்கிறான்.

முதலாவது, இது பொய். அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று ஒரு கேள்வி இருக்கும். 1974-இல் வந்த கல்விப் பதிவுகள் சட்டம் தரும் உரிமை அது. பெரும்பாலோர் 'ஆம்' என்று குறிக்கிறார்கள். பார்க்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட கடிதத்தை எழுதியதே தான்தான் என்றால், அது பொய் வாக்குமூலம். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடத்தைப் பறிக்கலாம். பொது ஜிமெயில் முகவரியைப் பார்த்ததும் சில துறைகள் கல்லூரி இணையதளத்தில் உள்ள முகவரிக்கே எழுதி, "இந்தக் கடிதம் உங்களுடையதா?" என்று சாரிடம் கேட்கும். மூன்று கடிதங்களும் ஒரே கையின் எழுத்து என்பதை ஆயிரம் கடிதம் படித்தவர் இரண்டாம் பத்தியிலேயே கண்டுகொள்வார்.

இரண்டாவது, பிடிபடாவிட்டாலும் அந்தக் கடிதம் வேலை செய்யாது. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், கருத்தரங்குகளில் கலந்துகொண்டார் என்றுதான் அதில் இருக்கும். வகுப்பில் நன்றாகப் படித்தார் என்பதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுகிறது. தேர்வுக் குழு தேடுவது வேறு. 'இயங்குதள வகுப்பில் 62 பேருக்கு மெமரி அலொகேட்டர் எழுதக் கொடுத்தேன். இவள் மட்டும் ஃப்ராக்மென்டேஷனை அளந்து வரைபடம் கொண்டுவந்தாள். முதல் வரைபடம் தவறு என்று அவளே கண்டுபிடித்து மறுவாரம் திருத்தினாள்.' இந்த மாதிரி மூன்று வாக்கியம் போதும். இதை மாணவர் தானே எழுத முடியாது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் எழுத முடியும்.

அங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. சார் எழுத மறுப்பதற்குப் பல நேரம் நேரமின்மை காரணமல்ல, எழுத ஒன்றும் இல்லாததுதான். இறுதியாண்டு ப்ராஜெக்ட் மதுரையிலோ திருச்சியிலோ ப்ராஜெக்ட் சென்டரில் விலைக்கு வாங்கியது. கோட், ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் ஒரே ஜிப் கோப்பில் வந்தது. அந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது, எப்படி மீண்டது என்று சார் எதைப் பார்த்தார், எழுதுவதற்கு? நேர்காணலில் "இந்தத் தரவை ஏன் இப்படிப் பிரித்தாய்?" என்று கேட்டால் அதே ப்ராஜெக்ட் அங்கேயும் கவிழ்க்கும்.

எனவே கடிதத்தின் வேலை ஐந்தாம் செமஸ்டரில் தொடங்குகிறது. ஒரு பேராசிரியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் வேண்டாம், உங்களோடு உட்காரக் கூடியவர் போதும். சின்ன வேலை ஒன்று கேளுங்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையின் முடிவைத் திரும்பச் செய்து பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், செய்ததையும் செய்ய முடியாததையும் காட்டுங்கள். காரைக்குடியிலேயே சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. மின்கல ஆய்வு நடக்கும் இடத்தில் அலச வேண்டிய தரவுக்குப் பஞ்சமில்லை. கோடை விடுமுறையில் ப்ராஜெக்ட் மாணவராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எட்டு மாதம் இப்படிப் போனால் எழுத விஷயம் சேர்ந்துவிடும்.

கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பு அவரிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். எந்தப் பாடம், எந்த செமஸ்டர், என்ன கிரேடு. ப்ராஜெக்டில் உங்கள் பங்கு மட்டும், கோட் இருக்கும் இணைப்போடு. பல்கலைக்கழகங்களும் தேதிகளும், இந்திய நேரத்தில். அவருக்கு நினைவூட்ட மூன்று, நான்கு சம்பவங்கள். இது கடிதம் அல்ல, நினைவுக் குறிப்பு. எழுதுவது அவர் வேலை. ஆங்கிலம் எழுதத் தயங்கினால் எளிய ஆங்கிலமே போதும் என்று பணிவாகச் சொல்லுங்கள். சம்பவங்கள் உள்ள ஒரு பக்கக் கடிதத்தில் இலக்கணப் பிழை இருந்தாலும் யாரும் தள்ளிவிடுவதில்லை. அப்போதும் "நீயே எழுதிக்கொண்டு வா" என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள்.

கல்லூரி முகவரியில் மின்னஞ்சல் இல்லாத ஆசிரியர் என்றால், ஆகஸ்டிலேயே அலுவலகத்தில் சொல்லி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். இணைப்பு ஸ்பேமில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நாள் முன்பும் மூன்று நாள் முன்பும் நினைவூட்டுங்கள். அமெரிக்க பிஎச்.டி.க்குப் பொதுவாக மூன்று கடிதம், ஐரோப்பிய முதுகலைக்குப் பெரும்பாலும் இரண்டு. ஊர்ப் பெரியவர், அறக்கட்டளைத் தலைவர், உங்களைப் பாடத்தில் பார்த்தே இராத முதல்வர் ஆகியோரின் கடிதத்தால் பயன் இல்லை.

'முழு' என்ற சொல்லை அப்படியே நம்புவது

ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எழுதப் பழகிய மண் இது. இதற்கும் எழுதுங்கள். கல்விக் கட்டணம், காப்பீடு, விமானம், விசா, வீட்டு வாடகை, சாப்பாடு: எது யார் கணக்கில்? எராஸ்மஸ் முண்டுஸில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், ஆக 33,600 யூரோ. கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் விமானமும் விசாவும் அந்த 1,400-க்குள்தான். மெக்ஸ்டில் முதுகலை மாணவருக்கு மாதம் சுமார் 1,44,000 யென். விமானக் கட்டணம் தனி.

ஜெர்மனியில் 'கட்டணமில்லை' என்பது உதவித்தொகை அல்ல. விசாவுக்கு முன் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) போட வேண்டும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலம் முதல் வாங்கத் தொடங்கிவிட்டது.

'50 சதவீதச் சலுகை' என்று கடிதம் வந்ததும் வீட்டில் இனிப்புக் கொடுக்கிறார்கள். வருடக் கட்டணம் 50,000 டாலர் என்றால் மீதி 25,000 டாலர், அதோடு சாப்பாடும் வாடகையும். ஆச்சியின் வைரத் தோடு அடகுக்குப் போவது அந்த இனிப்புக்குப் பிறகுதான்.

இனிஷியல்

விலாசத்தோடு (குடும்ப முன்னெழுத்துகளோடு) மூன்று, நான்கு எழுத்து முன்னால் வரும் பெயர்கள் நம் பக்கத்தில் சாதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், கல்லூரியில் இன்னொரு விதம் இருக்கும். மொழித் தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். விண்ணப்பிக்கும் முன்பே தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுங்கள்.

ஏஜென்சி

பெரும்பாலான ஏஜென்சிகளுக்குக் கமிஷன் வருவது கட்டணம் கட்டும் மாணவரால். முழு உதவித்தொகையை அவர்கள் காட்டித் தர மாட்டார்கள்.

அரியரை மறைப்பது

டிரான்ஸ்கிரிப்டில் தெரியும். காரணத்தை இரண்டு வரியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஜி.ஆர்.ஈ.

பட்டமேற்படிப்புக்கான இந்தப் பொதுத் தேர்வைத் துறை கேட்காவிட்டால் எழுத வேண்டாம். அந்த மூன்று மாதம் ப்ராஜெக்டுக்கு.

முதலில் வந்த கடிதத்துக்கு உடனே சம்மதிப்பது

அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் பலவும் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடு உண்டு: உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவருக்கு அவகாசம். உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மார்ச் முதல் வாரத்தில் வந்த கடிதத்துக்குப் பயந்து கையெழுத்திட வேண்டாம். எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம், கோடையிலும் பணம் உண்டா, காப்பீடு யார் கட்டுவது என்று எழுதிக் கேளுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போகப்போவதில்லை என்று முடிவான இடத்துக்கு மட்டும் அன்றே பதில் எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் வேறொரு பிள்ளை அந்தப் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும்.