கார்பன் டாட் வைத்து ஒளிரும் கண்ணாடித் தாள் செய்வது எப்படி

கார்பன் டாட் என்பது யூவி (புற ஊதா) ஒளி பட்டால் ஒளிரும், சில நானோமீட்டரே அளவுள்ள கார்பன் துகள். அதைக் கலந்து செய்யும் இந்தத் தாள் பகலில் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் தாள், 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடித்தால் நீலப்பச்சையாக ஒளிரும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலேயே செய்துவிடலாம்.

சிட்ரிக் அமிலம் 3 கிராம், யூரியா 3 கிராம், தண்ணீர் 10 மில்லி. இதைக் கலக்கி 750 வாட் மைக்ரோவேவில் 4, 5 நிமிடம் வைத்தால் கருப்புப் பழுப்பாகக் கெட்டியாகிவிடும். அம்மோனியா நெடி அடிக்கும், அதனால் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான் (புகையை வெளியே இழுத்துவிடும் ஆய்வகக் கூண்டு) செய்ய வேண்டும், சமையலுக்கு வைத்திருக்கும் மைக்ரோவேவைத் தொடவே தொடாதீர்கள். ஆறியதும் தண்ணீரில் கரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுற்றிக் கசடை அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். இதுதான் கார்பன் டாட் கரைசல்.

இந்த வடிகட்டலைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சில நானோமீட்டர் அளவுள்ள துகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது, அதனால்தான் தாள் தெளிவாக இருக்கிறது. அதே எடைப் பொருள் 10 மடங்கு பெரிய கட்டிகளாகத் திரண்டால் ஒளிச்சிதறல் 1000 மடங்கு ஆகிவிடும், தாள் பால்போல மங்கிப்போகும்.

அடுத்து தாளாகப் போகும் பொருள்: தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கான பாலிவினைல் ஆல்கஹால் தூள். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டினால் எப்படிக் கட்டி தட்டுமோ, இதுவும் அப்படித்தான். 100 மில்லி குளிர்ந்த தண்ணீரில் 10 கிராமைத் தூவிக் கலக்கி, அப்புறம் 90 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்றிரண்டு மணி நேரம் விடாமல் கலக்குங்கள். ஆறியபின் கார்பன் டாட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நிறையப் போட்டால் நிறைய ஒளிரும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு: துகள்கள் நெருங்கினால் ஒன்றின் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும், தாளும் பழுப்பேறும். அளவை மாற்றி மாற்றி நான்கைந்து தாள் ஊற்றிப் பார்ப்பதுதான் சரியான வழி.

குமிழ்கள் போக ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். ரசமட்டம் பார்த்த மேசையில், 9 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்ரி தட்டில் 10 மில்லி ஊற்றினால் காய்ந்தபின் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தடிமன் கிடைக்கும். தூசி விழாமல் வடிதாளால் மூடி, 40 டிகிரியில் மெதுவாகக் காயவிடுங்கள், அவசரப்பட்டால் மேலே ஆடை படிந்து அடியில் குமிழ் சிக்கிக்கொள்ளும். மைக்ரான் அளவுக்கு மெல்லிய படலம் வேண்டுமானால் கரைசலைப் பாதியாக நீர்த்து, கண்ணாடித் துண்டில் ஸ்பின் கோட் செய்யுங்கள், அதாவது துண்டை வேகமாகச் சுழற்றிக் கரைசலை மெல்லியதாகப் பரவவிடுங்கள்.

காய்ந்ததும் ஓரத்தில் பிளேடால் கிளப்பி உரியுங்கள். அதை செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். யூவி அடிக்கும்போது அதற்கான கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தாள் ஈரத்தை இழுக்கும், ஆகவே சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.