பூனை ஓயாமல் கத்துகிறதா? முதலில் மணல் தட்டைப் பாருங்கள்

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கத்திக்கொள்வது அபூர்வம். குட்டியாக இருக்கும்போது தாயைக் கூப்பிட்ட குரல் அது; வளர்ந்த பிறகு அந்தக் குரலை நமக்கென்றே வைத்துக்கொள்கிறது. ஆகவே வீட்டுப் பூனை விடாமல் கத்தினால், உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது. இல்லையென்றால் கத்தினால் காரியம் நடக்கும் என்று நாமே பழக்கியிருக்கிறோம். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழக்கத்தை மாற்றும் வேலையில் இறங்க வேண்டும்.

கடுவன் பூனை திடீரென்று கத்த ஆரம்பித்தால் வேறு எதையும் யோசிக்காமல் மணல் தட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுக்குள் போகும், முதுகைக் கூனிக்கொண்டு முக்கும், ஒன்றும் வராமல் வெளியே வந்து பின்புறத்தை நக்கும். மணலைக் கிளறினால் ஈரமே இருக்காது, அல்லது ரத்தம் கலந்த சொட்டு மட்டும் இருக்கும். இப்படி இருந்தால் அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். நிறையப் பேர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்குகிறது; ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. இரவில் உங்கள் பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை போனில் போட்டு வையுங்கள். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரைகூட பூனைக்கு விஷம்.

பத்து வயது தாண்டிய பூனை நடு இரவில் அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஊளையிட்டால் தைராய்டு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே வந்தால் தைராய்டு மேல்தான் முதல் சந்தேகம். காது மந்தமாவதும், மூப்பினால் வரும் மறதியும் இதே மாதிரி கத்த வைக்கும். வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான்.

பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாதத்தில், சில சமயம் நான்கு மாதத்திலேயே ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு வந்துவிடும். நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும். அந்தக் கதறலைக் கேட்டு வலிப்பு என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. ஏறக்குறைய ஒரு வாரம் நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இது நின்றிருக்கும். சென்னையில் பகல் அவ்வளவு சுருங்காததால் வருஷம் முழுக்கத் தொடரலாம். கருத்தடை ஆபரேஷன்தான் தீர்வு. ஹீட்டை அடக்கும் ஹார்மோன் மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், மடியில் கட்டி வரும். ஆபரேஷனுக்குப் பிறகு 10 முதல் 14 நாள் கழுத்தில் மாட்டிய கூம்பு வடிவப் பட்டையைக் கழற்றாதீர்கள், தையலை நக்கிப் பிரித்துவிடும். கடுவனுக்கும் ஆபரேஷன் செய்தால் கத்தலும் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் குறையும், ஆனால் அதற்குச் சில வாரம் ஆகும்.

இதெல்லாம் இல்லை என்றால் மிச்சம் பழக்கம். அதில் பெரிய தொல்லை விடியற்காலைக் கத்தல். மீன் ஏலத்துக்காக மூன்று மணிக்கே எழுந்து கிளம்பும் வீடுகள் காசிமேட்டில் ஏராளம். எழுந்தவுடன் பூனைக்கு ஒரு வாய் போட்டுவிட்டுப் போனால், லீவு நாளிலும் அது மூன்று மணிக்கு எழுப்பும். நீங்கள் எழுவதற்கும் அதன் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை வெட்டுங்கள். பல் துலக்கி, டீ குடித்து, அரை மணி நேரம் கழித்துத் தட்டை வையுங்கள். அதுவும் பூனை வாயை மூடியிருக்கும்போதுதான். முதல் நாள் ஐந்து நொடி அமைதி போதும். அடுத்தடுத்த நாள் பத்து, இருபது என்று நீட்டுங்கள்.

ராத்திரி படுக்குமுன் பத்து நிமிடம் கயிற்றில் கட்டிய இறகைக் காட்டி ஓட விடுங்கள். முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிட வேண்டும், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். விளையாட்டு முடிந்த கையோடு அன்றைய பெரிய சாப்பாடு. வேட்டையாடி, தின்று, நக்கித் துடைத்து, தூங்குவது அதன் இயல்பு. நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் உலர் உணவு ஏறக்குறைய சரி. பாக்கெட்டில் உள்ள அளவையும் பார்த்து நான்கு வேளையாகப் பிரியுங்கள்.

கத்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள் இன்னும் பலமாகத்தான் கத்தும். எல்லோரும் தோற்பது இந்த இடத்தில்தான். உச்சத்தில் கத்தும்போது இரக்கப்பட்டு ஒரு துண்டு போட்டால், அவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். வீட்டில் அத்தனை பேரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். ஆயா யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் மீன் வைத்துக் கொடுத்தால் ஒரு வார உழைப்பும் வீண். அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். அந்தப் பயம் புதுக் கத்தலைத்தான் கொண்டுவரும்.

வடசென்னைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருஷம் முழுக்க நெத்திலியும் மத்தியும் தின்று வளர்ந்த பூனை அந்த 61 நாளும் மற்ற சாப்பாட்டை முகர்ந்துவிட்டுக் கதறும். மார்ச் கடைசியிலேயே மீனோடு கொஞ்சம் பூனை உணவைக் கலந்து, பத்து நாளில் விகிதத்தை மாற்றிவிடுங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள்: குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும். மீன் கொடுக்கும் நாளிலும் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். தினமும் பச்சை மீனே கொடுத்தால் வைட்டமின் பி1 குறையும்.

மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெக்கை தாங்காமலும் கத்தும். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி இரண்டு மூன்று இடத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சாதாரணத் தண்ணீரில் உடம்பை நனைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், ஐஸ் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனையைப் பார்த்துக் கத்தினால் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினாலே போதும்.

பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். வீட்டுக்குள் வளர்ந்த பூனை அங்கே நாய்க்கும் வண்டிக்கும் தப்பிப் பிழைப்பது கஷ்டம். அதைச் செய்யுமுன் கத்தலைப் போனில் வீடியோ எடுங்கள், எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் கத்தியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று ஒரு வாரம் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்; சிறுநீர் வராவிட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். ஆட்டோவில் கையில் பிடித்துக்கொண்டு போகாமல், மூடிய கூடையில் வைத்து மேலே ஒரு துண்டு போர்த்திக் கொண்டுபோங்கள்.