பைதனில் எக்ஸெப்ஷனைப் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோகிராம் ஓடும்போது எழும் பிழைதான் எக்ஸெப்ஷன். பிழை வரக்கூடிய வரிகளை ‘டிரை’க்குள்ளும், வந்தால் செய்ய வேண்டியதை ‘எக்ஸெப்ட்’டுக்குள்ளும் எழுதுவோம். கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேரும் எங்கள் பிள்ளைகளின் பைதன் கோடில் அடிக்கடி கண்ணில் படுவது வெறும் ‘எக்ஸெப்ட்’. எந்தப் பிழை என்று எழுதாமல், அடியில் ‘பாஸ்’ (எதுவும் செய்யாதே) போட்டு முடித்துவிடுகிறார்கள். புரோகிராம் விழாது, உண்மைதான். ஆனால் என்ன நடந்தது என்று பிறகு எவருக்கும் தெரியாது.

வெள்ளவத்தையில் ஒரு பார்மசிக்குக் கையிருப்புப் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஃபைலைப் படிக்கும் வரிகளைச் சுற்றி வெறும் எக்ஸெப்ட். பிழை வந்தால் கையிருப்பு பூச்சியம். முதல் நாள் ஃபைல் இருக்காதுதானே, அப்போது இது சரி. ஆனால் ஃபைலைத் திறக்க அனுமதி இல்லாவிட்டாலும், வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து பிழைத்தாலும் அதே பூச்சியம்தான். அலுமாரி நிறைய மருந்து இருக்க, ஸ்கிரீன் ஒன்றுமில்லை என்று காட்டும். மாலையில் அந்தப் பூச்சியத்தையே ஃபைலில் திரும்ப எழுதினால் பழைய கணக்கும் போய்விடும். லூப்புக்குள் இருந்தால் கண்ட்ரோல்-சி அழுத்தியும் நிற்காது, ஏனென்றால் அந்த அழுத்தலால் எழும் கீபோர்ட்இன்டரப்டையும் வெறும் எக்ஸெப்ட் விழுங்கும். ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று மாற்றினால் இந்தக் கடைசித் தொல்லை மட்டும் தீரும்.

பைதனே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. முன்பு ஐஓஎரர், ஓஎஸ்எரர், சாக்கெட் எரர் என்று பல பெயர்கள்; காரணம் அறிய எர்நோ என்ற பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். 2012இல் வந்த பைதன் 3.3 அவற்றை ஓஎஸ்எரர் என்ற ஒன்றாக்கி, அதன் கீழே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் என்று தனித்தனி வகைகளைத் தந்தது. எங்கள் பார்மசிக்கு முதலாவதை மட்டும் பிடித்தால் போதும். மற்றதெல்லாம் பிடிபடாமல் மேலே போகட்டும், ஸ்கிரிப்ட் நிற்கட்டும். பிழையான கணக்கைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டிரைக்குள் வரிகளைத் திணிக்காதீர்கள். பிழை வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் வரி மட்டும் உள்ளே இருக்கட்டும், மிச்சம், பிழை வராதபோது மட்டும் ஓடும் எல்ஸுக்குப் போகட்டும்.

பிடித்த பிழையை உங்கள் சொந்த எக்ஸெப்ஷனாக மாற்றி எறியும்போது ‘ஃப்ரம்’ போட்டு மூலப் பிழையை இணையுங்கள். எதனால் எது வந்தது என்று ட்ரேஸ்பேக் (பிழை வந்த வழியைக் காட்டும் அறிக்கை) தெளிவாகச் சொல்லும். ‘ஃப்ரம் நன்’ என்று எழுதினால் மூலம் மறைந்துவிடும். அப்புறம், எந்த ஃபைல் என்பதையும் சேர்த்துச் சொல்ல, பிழையோடு ஒரு குறிப்பை இணைக்கும் ‘ஆட் நோட்’ 3.11இலிருந்து இருக்கிறது. அதிகம் பேர் தொடாத நல்ல வசதி இது.

பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலிக்குள் ரிட்டர்ன் வேண்டவே வேண்டாம். மேலே போய்க்கொண்டிருக்கும் பிழையை அது சத்தமில்லாமல் அழித்துவிடும். 3.14 இதற்கு எச்சரிக்கை தருகிறது. பழைய வெர்ஷனில் இருப்பவர்கள் தாங்களாகவே தேடிப் பார்த்து எடுத்துவிட வேண்டும்.