ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம்: 30 மி.லி. கணக்கில் குடித்துப் பழகுவது எப்படி

உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை, அம்மா ஒரு கிண்ணம் நிறைய கஞ்சி கொண்டுவந்தார். "நாலு நாளா வெறும் வயிறு கண்ணு, இதையாவது குடி" என்றார். அந்தக் கிண்ணத்தில் 300 மி.லி.யாவது இருக்கும். என் வயிற்றில் அன்று அதில் பாதிக்குக்கூட இடம் கிடையாது. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள், செய்துவிட்டு வந்து படுத்திருப்பவர்கள், அவர்களுக்காக அடுப்படியில் நிற்பவர்கள், மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஸ்லீவ் செய்து 3 வருடம் ஆன ஒருத்தி. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும். உங்கள் டயட்டீஷியன் கொடுத்த தாளில் இதற்கு மாறாக ஏதாவது இருந்தால் அந்தத் தாளைத்தான் பின்பற்ற வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதன் ஓரம் நெடுக ஸ்டேப்ளர் பின் போட்ட தையல். சுமார் 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். முதல் வாரங்களில் உள்ளே வீக்கம் இருப்பதால் அவ்வளவுகூட பிடிக்காது. இரைப்பை பைபாஸ் (எடை குறைக்கச் செய்யும் இன்னொரு வகை ஆபரேஷன்) செய்தவர்களுக்கு மேலே விடுகிற பை இன்னும் சின்னது, ஏறக்குறைய 30 மி.லி.தான். அந்தத் தையல் ஆறும்வரை அதன்மேல் அழுத்தம் விழக்கூடாது. திரவ உணவு எதற்கு என்றால் இதற்காகத்தான்.

இன்னொன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்பட்ட அந்த மேல் பாகத்தில்தான். அதனால் பலருக்கு முதல் வாரங்களில் பசியே தெரியாது. நிம்மதியாகத் தோன்றும். ஆனால் பசி வந்தால் சாப்பிடலாம், தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் நாள் முழுக்க ஒன்றுமே உள்ளே போகாது. இந்த இரண்டு வாரமும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

படி 1: ஆபரேஷனுக்கு முன்பே இதையெல்லாம் எடுத்து வையுங்கள்

இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் அளவு மூடி இரண்டு மூன்று. அதில் 30 மி.லி. வரைக்கும் கோடு இருக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை கிடந்தால் அதையும் தேய்த்து வையுங்கள். மெல்லிய பருத்தித் துணி, நல்ல வடிகட்டி, தெர்மாமீட்டர், ஒரு சின்ன நோட்டு. கொரோனா சமயத்தில் வாங்கிப்போட்ட ஆக்சிமீட்டர் அலமாரியில் இருக்குமே, அதற்குப் பேட்டரி மாற்றி வையுங்கள். நாடித் துடிப்பு பார்க்க உதவும்.

புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கின் ருசி மாறிப்போகும். முன்பு பிடித்த சாக்லேட் வாசனை எனக்குக் குமட்டியது. சின்ன பாக்கெட்டாக இரண்டு மூன்று ருசியில் வாங்குங்கள், ருசியே சேர்க்காத ஒன்றும் இருக்கட்டும். வே ஐசோலேட் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரோட்டீன்) என்று போட்டிருப்பதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு, வயிறு அவ்வளவாக உப்பாது.

படி 2: குடிக்கும் விதத்தை மாற்றுங்கள்

நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடித்தே வளர்ந்திருக்கிறோம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. அண்ணாந்து ஊற்றும்போது ஒரே மடக்கில் 50, 60 மி.லி. இறங்கிவிடும். கூடவே காற்றும் போகும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் மோரை அப்படி ஊற்றிக்கொண்டேன். நெஞ்சுக்குழியில் கல் மாட்டியது போல ஒரு வலி. வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரை நுரையாக வாந்தி. அது அடங்க அரை மணி நேரம் ஆனது.

அதனால் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். நிமிர்ந்து உட்காருங்கள். மருந்து மூடியில் 30 மி.லி. ஊற்றுங்கள். ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன் அளவு. வாயிலேயே ஒரு நொடி வைத்திருந்து விழுங்குங்கள். அந்த ஒரு மூடியைக் காலி செய்ய 10 முதல் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் குடித்தாலும் மடக்கென்று ஊற்றிக்கொள்கிறவர்கள் பாலாடையைப் பயன்படுத்தலாம், அதன் மூக்கு வழியாகத் துளித்துளியாகத்தான் வரும். ஸ்ட்ரா வேண்டாம், அதிலும் காற்று போகும். சோடா, கோலா வகைகள் பக்கமே போகாதீர்கள். ரொம்பச் சூடும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். சிலருக்கு வெதுவெதுப்பாக இருந்தால்தான் இறங்கும்.

விக்கல், திடீரென மூக்கில் நீர், தும்மல், நெஞ்சுக்குழி இறுக்கம் எல்லாம் "போதும்" என்பதற்கு அடையாளம். மூடியில் இன்னும் மிச்சம் இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

படி 3: முதல் சில நாள், தெளிந்த நீர் மட்டும்

ஆபரேஷன் ஆன மறுநாள் மருத்துவமனையிலேயே தண்ணீரில் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் கண்ணாடி போலத் தெளிந்த திரவங்கள்தான். தண்ணீர், துணியில் வடிகட்டிய காய்கறிச் சாறு, வடிகட்டிய கோழிச் சாறு, டயட்டீஷியன் சம்மதித்தால் இளநீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

கோழிச் சாறு செய்வதற்கு ஒரு வழி. எலும்போடு வேகவைத்து, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் கொழுப்பு மேலே ஆடை போல உறைந்துவிடும். அதை ஸ்பூனால் எடுத்துவிட்டு, மறுபடி துணியில் வடித்து, இளஞ்சூட்டில் கொடுங்கள். உப்பு கொஞ்சம் போதும். மிளகாய், மசாலா, தாளிப்பு எதுவும் கூடாது. ரசம் வேண்டும் என்று நாக்கு கேட்டால், புளி இல்லாமல் தக்காளி, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து இரண்டு முறை வடிகட்டிய தண்ணீர் ஓரளவு அந்த ஆசையைத் தீர்க்கும்.

காபி, டீ? முதல் மாதம் வேண்டாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். இரண்டு நாள் தலைவலி இருந்தது, அப்புறம் போய்விட்டது.

படி 4: புரோட்டீன் கணக்கு

தெளிந்த நீர் நாட்கள் முடிந்து பால், மோர் போன்றவை சேர்ந்ததும் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் என்பதுதான் பொதுவாகக் கொடுக்கும் இலக்கு. உடம்புக்கு அது போதாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், காயம் ஆறவும் நேரம் எடுக்கும்.

நம் வீட்டுச் சமையலில் எது புரோட்டீன், எது இல்லை என்பதில்தான் பெரும் குழப்பம். அரிசிக் கஞ்சி தெம்பு தரும் என்று தலைமுறை தலைமுறையாக நம்புகிறோம். காய்ச்சலில் கிடப்பவருக்கு அது சரிதான். ஆனால் கஞ்சித் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பருப்புத் தண்ணீரும் அப்படித்தான், சத்து எல்லாம் வடிகட்டியில் நின்றுவிட்ட பருப்போடு போய்விடுகிறது. நீர்மோரில் 100 மி.லி.க்கு ஒரு கிராம் தேறினால் பெரிது. ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் வடித்த சூப்பை நம்பி 60 கிராமை எட்ட முடியாது. ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்களில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கின்றன. இருக்கிற இடமோ சின்னது. அதை இவற்றால் நிரப்பிவிட்டால், வேண்டியதற்கு இடம் இருக்காது.

நான் பிடித்துக்கொண்ட கணக்கு எளிமையானது. கொழுப்பு குறைந்த பால் 200 மி.லி. எடுத்தால் அதில் 6 கிராம். ஒரு கரண்டி வே ஐசோலேட்டில் சுமார் 25 கிராம் (டப்பாவில் உள்ள அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிராண்டுக்குப் பிராண்டு மாறும்). இரண்டும் சேர்ந்து 31. ஒரு நாளைக்கு இப்படி இரண்டு டம்ளர் முடித்தால் 62. முதல் நாளே முழுக் கரண்டி போட வேண்டாம், திக்காக இருந்தால் இறங்காது. அரைக் கரண்டியில் தொடங்கி நாலைந்து நாளில் ஏற்றுங்கள்.

பவுடரைக் கொதிக்கும் பாலில் கொட்டினால் முட்டை வெந்தது போலத் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். பாலை ஆறவைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் கலக்குங்கள். முதலில் இரண்டு ஸ்பூன் பாலில் குழைத்துக்கொண்டு மீதிப் பாலை ஊற்றினால் கட்டி தட்டாது. நுரை அடங்கும்வரை பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு குடியுங்கள், நுரையும் காற்றுதானே. ருசியில்லாத பவுடரை வடிகட்டிய பருப்புத் தண்ணீரிலும் ஆறிய கோழிச் சாறிலும் கலக்கலாம். இனிப்பு திகட்டிப்போன நாட்களில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

ஒரு டம்ளரை முடிக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். நம் ஊர் வெயிலில் அவ்வளவு நேரம் வெளியே வைக்கக்கூடாது. பாதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பாதியை மட்டும் கையில் எடுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறதா? ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் பால் கொஞ்ச நாள் ஒத்துக்கொள்ளாது. ஐசோலேட்டைத் தண்ணீரில் கலந்து பாருங்கள், டயட்டீஷியனிடமும் சொல்லுங்கள்.

படி 5: நாளைக் கூறு போடுங்கள்

15 நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் மணிக்கு 120. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மி.லி. நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்ற இலக்கு எட்டாத உயரம் போலத் தெரியும், ஆனால் மூடி மூடியாகப் பார்த்தால் எட்டிவிடலாம். ஃபோனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். ஒவ்வொரு மூடிக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். 50 கோடு வந்தால் ஒன்றரை லிட்டர். எனக்கு வீட்டுக்கு வந்த முதல் நாள் 27தான் வந்தது, ஐந்தாம் நாள் 48. முதல் நாளே 50 வராவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போக வேண்டும்.

காலை எழுந்ததும் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர். வாய் பழகியதும் முதல் புரோட்டீன் பால். பகலில் தண்ணீர், மோர், சாறு. மாலை நாலு மணிக்கு இரண்டாவது பால். இரவு தண்ணீர். இடையிடையே எழுந்து வீட்டுக்குள் நடங்கள். ஆபரேஷனின்போது வயிற்றை ஊதவைக்கச் செலுத்திய வாயுவால் முதல் நாட்களில் தோள்பட்டை வலிக்கும், அதற்கு நடைதான் மருந்து. இரத்தக்கட்டு வராமலும் அது காக்கும்.

படி 6: மாத்திரைகள்

பெரிய மாத்திரைகளை அப்படியே விழுங்கலாமா, பொடிக்கலாமா, சிரப்பாக மாற்ற வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். பிரஷர் மருந்துக்கும், முக்கியமாக நீர் பிரிய வைக்கும் மாத்திரைக்கும், புது அளவு வேண்டியிருக்கும். உடம்பு வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரலாம். விட்டமின் மாத்திரை ஆயுள் முழுக்க. கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் ஒரே நேரத்தில் போடாமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 7: வீட்டாரைத் தயார் செய்யுங்கள்

வயிற்றுப் பசி போய்விடும், ஆனால் வாய் கேட்கும். எட்டாம் நாள், பக்கத்து வீட்டில் கடுகு கறிவேப்பிலை தாளித்த வாசனைக்கு நான் அழுதிருக்கிறேன். இது பலவீனம் இல்லை. இத்தனை வருடம் சாப்பாட்டோடு கட்டிய உறவு ஒரே வாரத்தில் அறுந்துவிடாது. வீட்டில் சமைக்கும் நேரத்தில் மாடிக்குப் போய் நடங்கள். பத்து நாள் சாப்பிடும் மேஜையில் உட்காராமல் இருப்பதில் தவறே இல்லை.

"ஒரு இட்லிதானே, குழந்தைக்கே கொடுக்கிறோமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இட்லி மெத்தென்று இருந்தாலும் திட உணவுதான். சரியாக மெல்லாமல் இறங்கினால் பிசைந்த மாவாக அந்தக் குறுகின குழாயில் அடைத்து நிற்கும். கோபப்படாமல், உள்ளே தையல் இருக்கிறது என்று சொல்லுங்கள். என் அம்மாவிடம் மருந்து மூடியைக் காட்டி "இப்ப என் வயிறு இவ்வளவு பிடிச்சா போதும்மா" என்று சொன்ன பிறகுதான் கஞ்சிக் கிண்ணம் நின்றது. மறுநாளிலிருந்து கோடு போடும் நோட்டை அவரே எடுத்துக்கொண்டார்.

படி 8: எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்

இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். சிறுநீர் டீ நிறத்தில் வருகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால் நீர்ச்சத்து குறைந்துவிட்டது. வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வர அடிக்கடி காரணமாவது இதுதான். ஒரு பாட்டில் டிரிப் ஏற்றினால் சரியாகிவிடுவதை இழுத்தடிக்காதீர்கள்.

ஓய்வாக இருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் ஃபோன் செய்யுங்கள். 120-ஐத் தாண்டினால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், இவற்றோடு இடது தோள் வலியும் சேர்ந்தால் உடனே கிளம்புங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும். தையலில் கசிவு இருந்தால் இப்படித்தான் தெரியும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி எடுத்தாலும் போக வேண்டும். உடம்பில் பி1 விட்டமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கும்.

அடுத்தது

பெரும்பாலானோருக்கு மூன்றாம் வாரத்தில் மசித்த உணவுக்கு அனுமதி கிடைக்கும். அனுமதி வந்த பிறகுதான், நாள் எண்ணி நீங்களாக மாற வேண்டாம். முதல் நாள் இரண்டு ஸ்பூன் போதும்: நன்றாகக் குழைத்த பாசிப்பருப்பு அல்லது கட்டியில்லாமல் அடித்த தயிர். அன்றிலிருந்து உணவையும் தண்ணீரையும் பிரித்துவிடுங்கள், சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான் தண்ணீர். மருந்து மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஒரு மாதத்துக்கு உங்கள் தட்டின் அளவும் அதுதான்.