முதலில் டிராக்கின் வெப்பத்தைப் பாருங்கள்

ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்க உட்காரும்போது என் மடியில் ஒரு நோட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை முதல் ப்ராக்டிஸில் திரையில் காட்டும் டிராக் டெம்பரேச்சரை அதில் குறித்துக்கொள்வேன். ஞாயிறு பந்தயம் வரை ஒவ்வொரு செஷனுக்கும் இதே வேலைதான். காற்றின் வெப்பத்தை எழுதுவதில்லை. டயர் உரசுவது தாரோடு. நல்ல வெயிலில் தார், காற்றைவிட 15, 20 டிகிரி கூடச் சூடாக இருக்கும். ஒரு மேகம் வந்து நின்றால் மளமளவென்று இறங்கும்.

அடுத்து டயர். சிவப்பு சாஃப்ட், மஞ்சள் மீடியம், வெள்ளை ஹார்ட் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். சி1, சி2 என்று எண் போட்ட வரிசையில் இருந்து பந்தயத்துக்குப் பந்தயம் மூன்றை டயர் தயாரிக்கும் பிரெல்லி நிறுவனம் எடுத்துத் தருகிறது. எண் சிறியதாக இருந்தால் ரப்பர் கடினம். 2020இல் சில்வர்ஸ்டோனில் அடுத்தடுத்த வாரம் இரண்டு பந்தயங்கள் நடந்தன. முதல் வாரம் மீடியமாக இருந்த சி2, இரண்டாம் வாரம் ஹார்ட். அந்த இரண்டாம் பந்தயத்தில் மெர்சிடிஸ் அணிக் கார்களின் டயர் கொப்புளித்தது. ஹார்டில் தொடங்கிய ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். அதனால் நிறத்தோடு எண்ணையும் எழுதிவையுங்கள்.

எந்த ப்ராக்டிஸை நம்புவது? பந்தய நேரத்தோடு எது ஒத்துப்போகிறதோ அதை. பஹ்ரைனில் முதல், மூன்றாவது ப்ராக்டிஸ் பகல் வெயிலில் நடக்கும். யார் எந்த இடத்தில் புறப்படுவது என்று முடிவாகும் குவாலிஃபையிங்கும் பந்தயமும் விளக்கு வெளிச்சத்தில். அதே மாதிரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இரண்டாவது ப்ராக்டிஸில், நிறைய பெட்ரோலோடு தொடர்ந்து ஓட்டும் சுற்றுகளை, அதாவது லேப்களைத்தான் அங்கே நான் கணக்கில் எடுப்பேன்.

இனி டயரையே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இதில்தான் ருசி அதிகம். காரில் பொருத்திய கேமரா காட்டும்போது முன் டயரின் மேல்பரப்பைக் கவனியுங்கள். அழிரப்பர் தேய்த்த துகள் மாதிரி சொரசொரப்பாகத் தெரிந்தால் அது கிரெயினிங். ரப்பர் போதுமான சூடு ஏறாமல் வழுக்கி, கிழிந்து, கிழிந்த துணுக்கு மேலேயே ஒட்டிக்கொள்கிறது. டிரைவர் சில லேப் பொறுமையாக ஓட்டினால் அது தேய்ந்து சரியாகவும் வாய்ப்பு உண்டு. மாறாக, டயரைச் சுற்றி ஒரே தடத்தில் கருப்பாகக் குழி குழியாகத் தெரிந்தால் அது பிளிஸ்டரிங். உள்ளே அளவுக்கு மீறிக் கொதித்துக் கொப்புளம் உடைந்திருக்கிறது. அது ஆறாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், டிரைவர் ரேடியோவில் புலம்புவதற்கு முன்பே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

குளிர்ந்த டிராக் என்ன செய்யும் என்பதற்கு 2022 ஹங்கேரியைச் சொல்வேன். ஞாயிறன்று வானம் மூடி, டிராக் குளிர்ந்திருந்தது. ஹார்டில் தொடங்க நினைத்திருந்த ரெட் புல், புறப்படும் இடமான கிரிட்டுக்கு வரும் லேப்களிலேயே பிடிப்பு இல்லை என்று தெரிந்து சாஃப்டுக்கு மாறியது. ஆல்பின் அணியின் கார்கள் ஹார்ட் போட்டுத் தடுமாறியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அப்புறமும் முன்னணியில் இருந்த தன் டிரைவர் லெக்லெர்க்குக்கு ஃபெராரி அணி ஹார்ட் மாட்டியது. அவர் கடைசியில் ஆறாவது; பத்தாவதாகப் புறப்பட்ட வெர்ஸ்டாப்பன் முதலிடம். வெள்ளிக்கிழமைச் சூட்டையும் ஞாயிற்றுக்கிழமைச் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் உறுதியானது.

டயர் மாற்ற நிறுத்தும் பிட் ஸ்டாப்பின் கணக்கும் சூட்டைப் பொறுத்தே மாறும். டயர் சட்டென்று சூடேறும் நாளில், முன்னால் போகும் காருக்கு ஒரு லேப் முன்பே பிட்டுக்குள் வந்து புது டயரில் அதைத் தாண்டிவிடலாம். அதுதான் அண்டர்கட். டயரைச் சூடாக்கும் மின்சாரப் போர்வையில் 70 டிகிரிக்குச் சூடாக்கிய டயர்கூடக் குளிர்ந்த டிராக்கில் உடனே பிடிக்காது. லாஸ் வேகாஸ் மாதிரி குளிரான இரவுப் பந்தயத்தில், வெளியே வரும் காரின் முதல் சில வளைவுகளைப் பாருங்கள். பின்பக்கம் ஆடினால், பழைய டயரில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவருக்கே அன்று லாபம்.